கனகாம்பரக் கலரில் ஒரு லைஃப் ஜாக்கெட்

எங்கள் பாலாற்றில் ஒருவர் முழுகிப்போக முடியும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். செவிலிமேட்டுப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தால் கீழே மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே நல்ல மழை கொட்டிவிட்டால் அதே ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும். மணலில் நடந்து பழகிய எங்கள் ஜனம் அதே தைரியத்தோடு தண்ணீரிலும் காலை வைத்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அதனால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு மீட்புக் குழு வைத்திருக்கிறார்கள். கயாக் என்று ஒரு சின்னப் படகு. ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பலகை வைத்த துடுப்பால் தள்ளிக்கொண்டு போகலாம். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஏரியில் கயாக் ஓட்டுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். நான் பட்டு நெய்கிறவன். பத்தாவது வரைதான் படித்தேன். ஆகவே பிள்ளைகளே, இதில் வாக்கியம் எங்காவது கோணலாக இருந்தால் நீங்களே நேர்செய்து படித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் கயிற்று ஆள் என்று ஒரு வேலை உண்டு. ஆற்று நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால், முதுகில் கயிறு மாட்டிக்கொண்டு நீந்திப் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். கரையில் இருப்பவர்கள் இருவரையும் சேர்த்து இழுப்பார்கள். பயிற்சி கொடுப்பவர் கடலோரத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெண். என் மகளை அந்த வேலைக்கு எடுக்கலாம் என்று அவர் நினைத்தார். ஒரு தடை இருந்தது. குழுவில் இருந்த மீட்பு ஜாக்கெட்டுகள் எல்லாம் பெரிய ஆண்களுக்கு உள்ளவை. என் மகள் போட்டால் காதுவரை ஏறிக்கொண்டது.

"உன் உடம்புக்குச் சரியா ஒண்ணு வாங்கிக்கினு வா. அடுத்த ஞாயித்துக்கிழம ஓடுற தண்ணியில பார்த்துட்டு சொல்றேன். இல்லன்னா இந்த மழைக்கு நீ கயித்துல கிடையாது" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

வீட்டில் இன்னொரு தடை, என் மனைவி.

"படகுல உக்காந்துக்கினு போறது வேற. முதுகுல கயிறு கட்டிக்கினு வெள்ளத்துல குதிக்கறது வேற. நான் வந்து கண்ணால பார்ப்பேன். மனசுக்கு ஒப்பலன்னா கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வந்துடுவேன், ஆமா."

மகள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு வழி இல்லை.

ஜாக்கெட் வாங்க மூன்று பேரும் ரயிலேறிச் சென்னை பாரிமுனைக்குப் போனோம். அங்கே சந்துக்குள் கயிறு, வலை, ஹெல்மெட், மழைக்கோட்டு என்று விற்கிற கடைகள் நிறைய. ஒரு பாய் கடையில் நுழைந்தோம். அவர் ஒன்றை எடுத்துப் போட்டதும் என் மனைவி அதன் உள்பக்கத்தைத் திருப்பினாள். எங்கள் வீட்டுக்கு எந்தத் துணி வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்போம். அப்புறம் இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தாள். முகம் சுருங்கியது.

"கனமே இல்லியே பாய். நல்ல சரக்குன்னா கையில நிக்க வேணாமா?"

"கனமா இருந்தா மொதல்ல அது முழுகும். அப்புறம் உங்க பொண்ணு" என்றார் பாய், சிரிக்காமல்.

"சரி, ஒரு சைஸ் பெருசாக் குடுங்க. வளர்ற புள்ள."

"அம்மா, எனக்குப் பத்தொம்பது வயசு ஆவுது. இன்னும் எங்க வளரப் போறேன்?"

"உடம்பு போடாதா? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆனா?"

"கல்யாணத்துக்கா நான் இதப் போட்டுக்கினு உக்காரப் போறேன்?"

என் மனைவியைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் எந்தப் பெண் குழந்தைக்கும் அளவாகப் பாவாடை தைத்ததே கிடையாது. உள்ளே இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவோம்.

பாய் வாதாடவில்லை. பெரிய சைஸையே மகளுக்குப் போட்டு, கிளிப்பை எல்லாம் மாட்டினார். "அம்மா, தோள்பட்டையில புடிச்சி மேல தூக்குங்க" என்றார். என் மனைவி தூக்கினாள். ஜாக்கெட் மட்டும் மேலே போயிற்று. மகளின் முகம் மூக்குவரை காணாமல் போய், உள்ளேயிருந்து "அம்மோவ்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"தண்ணியில விழுந்தா இதேதான் நடக்கும். ஜாக்கெட் மேல மிதக்கும், புள்ள கீழ தொங்கும்" என்றார் பாய். பிறகு சின்னதை மாட்டி, பக்கத்து வார்களை இழுத்து இறுக்கினார். "மூச்சு விட முடியுதா பாப்பா? கைய தூக்கு. இப்ப தூக்குங்கம்மா."

என் மனைவி தூக்கினாள். மகள் குதிகால் எழும்பி நுனிக்காலில் நின்றாள்.

"இப்ப ஜாக்கெட்டோட புள்ளயும் சேர்ந்து வருது பாருங்க. அதான் அளவு."

அதோடு விடவில்லை. கடை நடுவில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, கையில் ஒரு ஒட்டடைக் கம்பைக் கொடுத்துத் துடுப்புப் போடச் சொன்னார். நீளமான ஜாக்கெட் தொடையில் இடித்துத் தாடைக்கு ஏறியது. குட்டையாக, அக்குள் அகலமாக வெட்டியிருந்தது மட்டும் அசையாமல் இருந்தது. கயிறு வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்த பெரிய ஜாக்கெட்டுகளும் அங்கே தொங்கின. நான் அதைக் காட்டி, அதுதானே இன்னும் பத்திரம் என்று கேட்டேன். அது கப்பலில் போகிறவர்களுக்காம். மயங்கிக் கிடந்தாலும் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைக்குமாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போடவோ எட்டி நீந்தவோ முடியாது. யார் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் ஜாக்கெட்டைத் தேட வேண்டும். இதைப் பிள்ளைகளாகிய நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற சின்னவர்களுக்கு உடம்பின் எடையைப் பார்த்து, காலுக்கு நடுவே ஒரு வாரும் வைத்துத் தனியாக வருகிறது. பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகக் கூடாது.

கடைசியில் நிறத்தில் வந்து நின்றோம். என் மனைவிக்கு அரக்கு பிடித்துவிட்டது. அரக்குக்கு ஈடு கிடையாது, அழுக்கு தெரியாது என்றாள்.

"அழுக்குத் தண்ணியில அழுக்குத் தெரியாத கலர் எதுக்கும்மா? ஆளே தெரியாது" என்று பாய் ஆரஞ்சை எடுத்து வைத்தார்.

அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "கனகாம்பரக் கலர். போவட்டும், இவ நிறத்துக்கு எடுப்பாத்தான் இருக்குது" என்று சம்மதித்தாள்.

அந்த ஜாக்கெட்டின் மார்புக்குக் குறுக்கே தனியாக ஒரு பெல்ட் இருந்தது. முதுகுப் பக்கம் அதில் ஒரு வளையம். கயிறு மாட்டுவது அதில்தான். முன்பக்கம் பெல்ட்டின் நுனியை ஒரு பிளாஸ்டிக் பிடி கவ்வியிருந்தது, அதில் ஒரு சிவப்பு உருண்டை. இது என்ன என்று கேட்டேன். "அது பயிற்சி எடுத்தவங்க தொடுற சமாச்சாரம். சொல்லித் தர்றவங்களக் கேளுங்க" என்று பாய் முடித்துக்கொண்டார். கேட்டிருக்கலாம்.

மறுநாள் மகள் கல்லூரிக்குப் போன பிறகு, தறியிலிருந்து எழுந்து ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தையலைத் தடவிப் பார்த்தேன். வார் தைத்த இடங்களில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டிருந்தார்கள், நல்ல வேலை. அப்புறம் அந்தச் சிவப்பு உருண்டையை லேசாக இழுத்தேன். பெல்ட் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து என் கையில் விழுந்தது.

என் பெண் தொங்கப்போவது கயிற்றில். கயிறு இருப்பது இந்த பெல்ட்டில். பெல்ட்டைப் பிடித்திருப்பதோ இந்தப் பிளாஸ்டிக். அது தொட்டால் விட்டுவிடுகிறது!

எங்கள் தொழிலில் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பேர். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதனோடு பிணைப்போம். ஒரு முடிச்சு நழுவினாலும் சேலை நீளத்துக்குக் கோடு விழும். நழுவாத முடிச்சு போடுவதுதான் என் கைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வேலை. மிச்சம் கிடந்த பட்டு இழையை நாலைந்தாக முறுக்கி, பெல்ட்டின் நுனியை அந்தப் பிடியோடு சேர்த்து இறுகச் சுற்றி, முடிச்சை உள்பக்கம் மறைத்துவிட்டேன். ஆரஞ்சு இழை. வெளியே பார்த்தால் தெரியாது. என் மனைவி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இப்பதான் மனசு ஆறுது" என்று சொல்லி, காலரின் உள்பக்கம் மஞ்சள் வைத்தாள். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் நாங்கள் உடுத்துவதில்லை.

அந்த நேரம் பார்த்து வந்த என் மச்சான், ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இந்த வேலைய கம்பெனிக்காரன் பார்த்தான்னா உன்னயத் தூக்கிக்கினு போயிடுவான். அப்படியே ஓரத்துல ரெண்டு விரல் ஜரிகை போட்டு விடு, அக்கா முகூர்த்தத்துக்கே கட்டிக்கும்."

அவன் கிண்டல் செய்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகளிடம் சொல்லவில்லை. அப்பா பார்த்துக்கொண்டார் என்று தானே ஒருநாள் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்புட்குழிப் பக்கத்து ஏரிக்குப் போனோம். ஏரி நிரம்பியிருந்தது. நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோட ஒரு சுவர் கட்டியிருப்பார்கள், அதற்குக் கலங்கல் என்று பேர். அதற்கு வெகுதூரம் கீழே தள்ளி, கால்வாயில் தண்ணீர் இடுப்பளவில் வேகமாக ஓடுகிற இடத்தில்தான் பயிற்சி. என் மனைவி எலுமிச்சைச் சாதத்துத் தூக்கோடு கரையில் உட்கார்ந்தாள்.

பயிற்சியாளர் வரிசையாக எல்லோரையும் சோதித்துக்கொண்டு வந்தார். என் மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. கையை வீசச் சொன்னார், ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை ஊதச் சொன்னார். "சூப்பரா புடிச்சிருக்குது. எங்க எடுத்தீங்க?" என்றார். மகளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிறகு சிவப்பு உருண்டையைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை. மறுபடி இழுத்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"இத யாரு கட்டினது?"

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "நான்தாம்மா. அவுராது. பயப்படாதீங்க."

"அவுராதுன்றதுதாண்ணே பயம்" என்றார் அவர். பிறகு மகளிடம், "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஏன்பா என்னாண்ட சொல்லவேயில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

என் மனைவி எழுந்து வந்தாள். "எதுக்குங்க அவள தள்ளி நிக்க வைக்கறீங்க? கெட்டியா இருக்கறது தப்பா?"

"அக்கா, கயிறு போய் ஒரு கல்லுல மாட்டிக்கிச்சுன்னு வைங்க. கரையில இருக்கறவங்களால இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. தண்ணி இவ மேல ஏறி அமுக்கும். அப்ப இத இழுத்துட்டுக் கயித்த விட்டு வந்துடணும். அண்ணன் அந்த வாசல அடச்சி வச்சிருக்காரு."

"கயித்த விட்டா அடிச்சிக்கினு போயிடுவாளே!"

"போவா. ஜாக்கெட் மிதக்க வைக்கும். கீழ கயாக்ல ஆளு நிக்கும், புடிச்சிக்கும்."

"எவனோ ஒருத்தன் புடிப்பான்னு நம்பி என் பொண்ண விடணுமா? எனக்கு ஒப்பல. நீ வாம்மா, போலாம்." என் மனைவி மகளின் கையைப் பிடித்தே விட்டாள். மகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீச்சல் தெரியுமா?"

"கிணத்துல தெரியும்."

"அப்ப நீங்க இறங்குங்க. அக்கா பார்க்கட்டும்."

அவர் தன் மார்பில் செருகியிருந்த சின்னக் கத்தியால் என் பட்டு முடிச்சை அறுத்தார். ஒரே இழுப்பில் அறுபடவில்லை, அதில் எனக்கு ஓரமாக ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். பெல்ட்டில் வெட்டு விழாததைப் பார்த்துக்கொண்டு, உருண்டையைச் சிலமுறை இழுத்துச் சரிபார்த்து, மகளிடம் சொன்னார்: "நீ கயாக்க எடுத்துக்கினு கீழ போய் நில்லு. இன்னிக்கு மாட்டிக்கினவரு உங்கப்பாதான்."

லுங்கியோடு இறங்கக் கூடாது என்று யாரோ ஒரு பையனின் டிராயரைக் கொடுத்தார்கள். தலையில் ஹெல்மெட், உடம்பில் அதே மாதிரி வளையமும் உருண்டையும் உள்ள குழுவின் பெரிய மீட்பு ஜாக்கெட், கீழே பூப்போட்ட டிராயர். அவ்வளவு கோபத்திலும் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீரில் இறங்கினேன். முதுகு வளையத்தில் கயிறு, கரையில் இரண்டு பேர். ஓட்டம் என்னை ஏந்திக்கொண்டு போனது, நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பயிற்சியாளர் கையைக் காட்ட, அவர்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள்.

பிள்ளைகளே, ஓடுகிற தண்ணீர் எவ்வளவு பலம் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. கயிறு நின்றதும் தண்ணீர் முழுவதும் என் முதுகில் வந்து மோதியது. தோளின் மேல் ஏறி, தலையின் மேல் வழிந்தது. வாய்க்கு முன்னால் காற்று கொஞ்சம், தண்ணீர் நிறைய. என்னைக் காப்பாற்றப் பிடித்திருக்கிற கயிறே என்னை விடமாட்டேன் என்றது. நான் வீட்டில் போட்ட முடிச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையை மார்புக்குக் கொண்டுபோய், உருண்டையைத் தேடி இழுத்தேன்.

பெல்ட் உருவிக்கொண்டு போயிற்று. தண்ணீர் தலையை விட்டது. மல்லாந்து மிதந்து போகிறேன், மேலே ஒரு கொக்கு பறக்கிறது. அதற்குள் பக்கத்தில் கனகாம்பர நிறம்.

"அப்பா! பக்கத்துல புடிக்காத, கவுந்துடும்! பின்னாடி வா, பின்னாடி! அந்தக் கைப்புடிய புடி!"

பிடித்தேன்.

"வாய மூடிக்கினு கால ஒத!"

என்னை இதுவரை அப்படி யாரும் அதட்டியதில்லை. உதைத்தேன். அவள் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகப் படகை விட்டு, என்னைக் கோரைப்புல் ஓரமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். "அடி ஒண்ணும் படலியேப்பா?" என்று கேட்டபோதுதான் அது பழைய குரலாக இருந்தது.

"படல. நல்லா வந்துச்சு" என்றேன். "உருண்டைய சொல்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குக் குளிரவே இல்லை.

என் மனைவி கரையோரமாக ஓடி வந்தவள், என்னைத் தாண்டி நேராக மகளிடம் போனாள். அவள் மார்பில் இருந்த உருண்டையைப் பிடித்து இழுத்தாள். பெல்ட் கையோடு வந்தது. "மாட்டு" என்றாள். மகள் மாட்டிக் காட்டினாள். மறுபடி இழுத்தாள். மறுபடி மாட்டச் சொன்னாள்.

"அம்மா, போதும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னொரு வாட்டி. கண்ண மூடிக்கினு இழு பார்க்கலாம்."

மகள் கண்ணை மூடிக்கொண்டு தானே இழுத்தாள். வந்தது. என் மனைவி அவள் ஈரத் தலையை ஒதுக்கிவிட்டு, "போய்ட்டு வா" என்றாள்.

அன்று மகள் கயிற்றோடு பலமுறை நீந்தினாள். மாட்டிக்கொண்டவராக நடித்த ஆளை ஒருமுறை தவறவிட்டாள், மற்றபடி பிடித்துவிட்டாள். கயிற்றை விட்டுவிட்டு வருவதையும் செய்து காட்டினாள். அப்போது மட்டும் என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழே கயாக்கில் நின்ற பையன் அவளை எட்டிப் பிடித்ததும், "நல்ல புள்ள. அவனுக்கும் சாதம் போடணும்" என்றாள்.

எலுமிச்சைச் சாதம் எல்லோருக்கும் போதவில்லை. கையில் ஆளுக்கொரு பிடிதான் வந்தது. ஜாக்கெட்டுகளை மரநிழலில் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டைப் போலவே அதையும் வெயிலில் காயப்போடக் கூடாதாம். உட்கார மெத்தையாகவும் போடக் கூடாது, உள்ளே இருக்கிற நுரை அமுங்கிப்போகும். நான் பையனின் டிராயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது, பயிற்சியாளர் மகளிடம், இந்த மழைக்கு அவளும் கயிற்றில் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு அவரிடம் போனாள். "ஆத்துல தண்ணி வந்துட்டா ராத்திரியில கூடக் கூப்புடுவீங்களா?"

"கூப்புடுவோம்கா."

"அப்படின்னா என் போனுக்கு அடிங்க. இவ தூங்கிட்டான்னா இடி விழுந்தாக் கூட எழுந்துக்க மாட்டா."